இரண்டாவது ஆள்

ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ முதியோர் இல்லத்தின் கடைசி அறைக்குள் தூக்கும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு கம்சாயினி நுழைந்தாள். வெளியே மழை. மாலையாகும் முன்பே இருட்டு கட்டியிருந்தது.

படுத்த படுக்கையானவரைத் துணித் தொட்டிலில் வைத்து, நாலு வார்களையும் கொக்கியில் மாட்டித் தூக்கும் இயந்திரம் அது. ஒருவர் மாட்ட, மற்றவர் சரிபார்க்க, இரண்டு ஆள் வேண்டும். அதுதான் விதி. ஆனால் மனேஜர் ஜனார்த்தனுக்கு விதியாவது மண்ணாங்கட்டியாவது!

"ஆள் இல்லம்மா. தனியா பண்ணு. முடியாதுன்னா சொல்லிடு, உன் விசா லெட்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சற்று முன்தான் சொல்லியிருந்தான்.

"அறுவான்!" என்று பல்லைக் கடித்தாள். கிழவர் விழுந்து எலும்பு நொறுங்கினால் பழி யார் தலையில்?

கட்டிலில் கிடந்த ஹாலிஸ் நூறு வயதைத் தாண்டிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படை. ஆக்லாந்துப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். கொக்கியைக் கண்டாலே நடுங்குவார். காரணத்தை ஒருநாள் அவரே சொல்லியிருந்தார்.

பிரான்சின் மேலே விமானம். தலைக்கு மேல் ஓடும் கம்பியில் ஒவ்வொருவனும் கொக்கியை மாட்ட வேண்டும். அந்தக் கொக்கியின் வார் இழுத்தால்தான் பாராசூட் விரியும். பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனைச் சரிபார்த்து, தோளில் தட்டி, 'சரி' என்று கத்துவான். அன்று கீழிருந்து சுடத் தொடங்கியதும் லெப்டினன்ட் பொறுக்கவில்லை. "பார்த்தது போதும்!" என்று ஹாலிஸுக்கு முன்னால் நின்ற நண்பன் டானியை வெளியே நெட்டித் தள்ளினான். டானியின் கொக்கி பூட்டியிருக்கவில்லை. லெப்டினன்டுக்குப் பிறகு பதக்கம் கிடைத்ததாம். த்தூ!

"அன்று முதல் எல்லாக் கொக்கியையும் டானிதான் பார்க்கிறான்" என்றும் ஹாலிஸ் சொன்னார். கம்சாயினி அதைக் கிழட்டுப் புலம்பல் என்று விட்டுவிட்டாள்.

கோபத்தில் அவசர அவசரமாக வார்களை மாட்டினாள். பொத்தானில் விரலை வைத்தாள்.

மணிக்கட்டை ஒரு கை பற்றியது.

பனிக்கட்டிக் குளிர். அறை முழுக்கப் பெற்றோல் நாற்றம்.

திரும்பினாள். ஒருவரும் இல்லை. ஹாலிஸின் கண்கள் மட்டும் அவளுக்குப் பின்னால் நிலைத்திருந்தன. இடது பக்க வார் கொக்கியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் முடிக்கலையா?" ஜனார்த்தன் வாசலில் நின்றான்.

"வார் கழண்டு கிடக்குது! ரெண்டு பேரில்லாமல் நான் தூக்கமாட்டன். விசாவை நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ!"

"சும்மா கத்தாத. தள்ளு, நானே தூக்கறேன்."

அவளை இடித்து ஒதுக்கிவிட்டு, வாரை ஏறெடுத்தும் பாராமல் பொத்தானை நோக்கிக் கை நீட்டினான்.

தோட்டத்துக் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது.

உள்ளே பேரிரைச்சல். விமானத்தின் இரைச்சல்.

ஜனார்த்தனின் சட்டைக் கழுத்து பின்னால் இழுபட்டது. குதிகால்கள் தரையில் தேய, அலற அலற, அவன் மழைக்குள் போய் விழுந்தான். நெட்டித் தள்ளியது யாரென்று அவனால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

மறுநாளே இரண்டாவது ஆள் வந்தாள். புதிதாகச் சேர்ந்த துஷானி. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, ரெண்டு பேர் எண்டுதானே சொன்னவை?" குரல் கிசுகிசுத்தது. "அங்கால நிக்கிறவர் ஆர்? ஏன் என்னை அப்பிடி முறைக்கிறார்?"

கம்சாயினி திரும்பிப் பார்க்கவில்லை.

"கொக்கியைப் பார், துஷானி. முதல்ல கொக்கியைப் பார்."