துயில், நலம்

காலையில் வந்ததும் ஒரு தேநீரோடு சுவருக்கு முன்னால் உட்காருவேன். சுவர் முழுக்கத் திரை. அதில் வரிசை வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பச்சை எழுத்தில் இரண்டு சொற்கள்: துயில், நலம். மூன்றாம் வரிசையில் குழந்தைவேல் என்ற பெயரை மட்டும் வாய்விட்டுப் படிப்பேன். அவர் என் கணவர். அதற்குப் பிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும்.

கோத்தகிரி மலைமேல் இருக்கும் இந்தக் கட்டடத்துக்குத் துயிலகம் என்று பெயர். வெக்கைக் காய்ச்சல் சமவெளியைத் துடைத்தெடுத்த காலத்தில், பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களின் நினைவு முழுவதையும் வன்வட்டுகளில் இறக்கி, குளிர்ச்சியான இடம் என்று இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஆளுக்கு ஒரு வட்டு. வட்டு சுழன்றால் அவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டைக்கும் வருவார்கள். ஆனால் அத்தனை வட்டும் சுழல மின்சாரத்துக்கு எங்கே போவது? அதனால் எல்லோரையும் துயில்நிலையில், அதாவது ஸ்டாண்ட்பையில், போட்டிருக்கிறார்கள். மின்சாரம் தாராளமாகும்போது எழுப்புவார்களாம். ஆகும், ஆகும்.

எழுப்புவதிலும் ஆபத்து இருக்கிறது. வெகுநாள் நின்றுகிடந்த வட்டு, சுழலத் தொடங்கும் சமயத்தில்தான் பெரும்பாலும் சாகிறது. ஆகவே இங்கே ஒரே சட்டம்: எழுப்பாதே. எழுப்பாமலே நலம் விசாரிப்பது என் வேலை. பதவியின் பெயர் நலங்காணி. உறவினர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்கள். நான் சுவரைப் பார்த்து, "துயில்ல இருக்காருங்க, நலம்" என்பேன். அந்த இரண்டு சொல்லைக் கேட்கத்தான் பஸ் ஏறி மலைக்கு வருகிறார்கள்.

சென்ற வாரம் ஒரு குடும்பம் தங்கள் அப்பாவின் வட்டை வாங்கிக்கொண்டு போனது. காத்திருந்து அலுத்துவிட்டது, மண்ணில் அடக்கம் செய்துவிடுகிறோம் என்றார்கள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், அந்தப் பெரியவரின் பெயருக்கு எதிரே பச்சை மாறவில்லை. துயில், நலம். எழுந்துபோய் அவருடைய வட்டு இருந்த பெட்டியைத் திறந்தேன். காலிதான். கையை விட்டுத் துழாவியும் பார்த்தேன்.

மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் நசீமாவை அழைத்தேன். அவள் நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"அக்கா, இது நலமே விசாரிக்கலக்கா. முதல்ல 'முழிச்சிருக்கியா'ன்னு மட்டும் கேக்குது. ஆமான்னு பதில் வந்தாத்தான் மேற்கொண்டு கேக்கும். வரலைன்னா தூங்குறாங்கன்னு விட்டுருது."

"அப்புறம் எப்படி நலம்னு போடுது?"

"இங்க கொண்டுவந்த அன்னைக்கு எடுத்த கணக்கு அது. அதையேதான் தெனமும் திருப்பிப் போடுது."

"செத்துப்போன வட்டு என்ன பதில் சொல்லும்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் சொல்லாதுக்கா."

நிரலை எழுதியவனைத் திட்டவும் மனம் வரவில்லை. நம் வீடுகளில் யாராவது தேடி வந்தால், "தூங்குறாருங்க, அப்புறமா வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவோம். உள்ளே போய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டா சொல்கிறோம்? அந்த மரியாதையைத்தான் அவன் நிரலில் எழுதியிருக்கிறான். இத்தனை வருடமாக நான் ஒரு சுவரிடம் நலம் விசாரித்திருக்கிறேன்.

குழந்தைவேலின் பெட்டியைத் திறந்து வட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. தூங்கும் வட்டும் செத்த வட்டும் கைக்கு ஒன்றுதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் விழிப்புச் சாவியை எடுத்தேன்.

"வேண்டாம்க்கா. நல்லா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் நசீமா.

"இருக்காரான்னே தெரியலையே புள்ள."

சாவியைத் திருகினேன். வட்டு முனகியது, திணறியது, பிறகு சுழன்றது. ஒலிபெருக்கியில் முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் அவர் குரல்.

"கோதை, கரண்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க," என்று பொய் சொன்னேன்.

"அப்புறம் ஏன் அழுகறே?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே டக், டக் என்று ஏதோ தட்டியது. நின்றுவிட்டது. நசீமா எவ்வளவோ முயன்றாள். வட்டு பிறகு அசையவே இல்லை. நான் எழுப்பும்வரை அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். குழந்தைவேல்: துயில், நலம். அவர் விழித்திருந்த அந்தச் சற்று நேரத்தில் நிரல் புதிதாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. இந்தச் சுவரிலேயே ஒழுங்காக விசாரிக்கப்பட்ட நலம் அவருடையது மட்டும்தான்.

"இதை மாத்திரலாம்க்கா," என்றாள் நசீமா. "எல்லாருக்கும் 'தெரியாது'ன்னு வர மாதிரி பண்ணிடறேன். அதுதானே நெசம்?"

"பண்ணாதே. தெரியாதுன்னு வந்தா எல்லாரும் எழுப்பிப் பாக்கணும்பாங்க. நான் பண்ணுனதையேதான் பண்ணுவாங்க."

அவள் மடிக்கணினியை மூடிவைத்தாள்.

அன்று முதலில் வந்தவர் ருக்குமணியம்மா. அவருடைய மகன் ஏழாம் வரிசையில் இருக்கிறான். வழக்கம்போல் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "பையன் எப்படி இருக்கறான் கண்ணு?" என்று கேட்டார்.

"துயில்ல இருக்காருங்கம்மா."

அவர் நகரவில்லை. நான் திரும்பித் திரையைப் பார்ப்பதுபோல நின்றேன்.

"இன்னொரு வார்த்தை சொல்லுவியே சாமி. அதையும் சொல்லிரு."

"நலமுங்கம்மா," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பியவர், ஏதோ மறந்ததுபோலத் திரும்பி வந்தார்.

"என் கதையவே பேசிட்டிருக்கறேன் பாரு. உங்க ஊட்டுக்காரரு எப்படி இருக்கறாரு?"

"அவரும் அப்படித்தானுங்கம்மா."

"இருக்கட்டும், நல்லாத் தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.