ஆறு மணிப் பெரட்டு

வசந்தன் பேரில் திலகா அன்று இன்னும் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் வசந்தன் வந்திருந்தார்.

அடுப்பில் தேத்தண்ணி கொதித்து இஞ்சி வாசம் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. வெளியே செம்பனை மரங்களுக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் நாலு துளி விழுந்து, நின்று, மறுபடி விழுந்தது. திலகா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தாள். வசந்தனின் பழைய மீசைப் படம். பக்கத்தில் "வந்துட்டேன்லா". நேரம் ஐந்து நாற்பது.

இதிலென்ன அதிசயம் என்று கேட்பீர்கள். மூன்று வருடமாக வசந்தனாக அங்கே வந்துகொண்டிருந்தது திலகாதான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். சிரம்பானில் 'மின்மினிகள்' என்று ஒரு பாட்டுக்குழு இருந்தது. நாலு பையன்கள், இரண்டு பாட்டுத்தட்டு, தோட்டம் தோட்டமாகக் கிறுக்குப் பிடித்த பிள்ளைகள். கோலா பிலா பட்டணத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அப்போது வேலை பார்த்த திலகா, ரசிகர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். சுற்றுத் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை முடிந்து, குளித்து, முகத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டு கடைக்கு வருவார்கள். கணக்குத் தொடங்கத் தெரியாதவர்களுக்கு அவளே தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். தினமும் சாயந்தரம் ஆறு மணிக்குப் பெரட்டு. தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டுதான். கேலிக்கு வைத்த பேர். அவள் "பெரட்டு!" என்று போட்டதும் நானூறு பேர் "வந்துட்டேன்லா" என்று வந்து விழுவார்கள். அப்புறம் சண்டை, சிரிப்பு, எவன் நன்றாகப் பாடுகிறான் எவன் கத்துகிறான் என்று ஓயாத வழக்கு.

குழு உடைந்தது. பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் போனார்கள், பேஸ்புக்குக்குப் போனார்கள், வாட்சப்புக்குப் போனார்கள், அப்புறம் எங்கேயும் பேசாமல் போனார்கள். நானூறு நாற்பதாகி, நாற்பது நாலாகி, ஒரு நாள் பெரட்டுக்கு ஒருத்தர்கூட வரவில்லை. திலகாவால் தாங்க முடியவில்லை. புருஷன் தர்மராஜ் லாரியோடு ஜொகூர் பக்கம், மகள் ஷாமினி சிரம்பானில் தாதியர் பயிற்சியில். வீட்டில் அவளும் பல்லியும்தான். அந்த வருடத் தீபாவளிக்கு மறுநாள், நோட்டை எடுத்து, பழைய ரசிகர் வசந்தனாக உள்ளே நுழைந்து ஒரு "வந்துட்டேன்லா" போட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் பஞ்சாலை என்ற பெண்ணாகவும் போட்டாள். ஏழு பேர் சேர்ந்ததும் மனசு நிறைந்துவிட்டது. போன திங்கட்கிழமை ஒரு கணக்கு திறக்க மறுத்தபோது, ஏழு குறையக்கூடாதென்று ஷாமினி பேரில் புதிதாக ஒன்று தொடங்கினாள். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

திரையில் வசந்தனின் படத்துக்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

"திலகா, நீயா? நான் பேசறது ஒனக்காச்சும் கேக்குதா?"

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அட, மனுஷன் நிஜமாகவே திரும்பி வந்துவிட்டாரே! நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டாள். வசந்தன் மனைவி ராக்கம்மா எடுத்தாள்.

"யாரு, கம்ப்யூட்டர் கடை திலகாவா? எத்தன வருசமாச்சுலா!"

"அண்ணன்கிட்ட குடுங்கக்கா. இப்பதான் எழுதுனாரு."

ராக்கம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"எழுதுனாரா? அவரு பேசியே மூனு வருசமாச்சும்மா. பேனா குடுத்தா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. பெரியாஸ்பத்திரியில எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒரு கொறையும் இல்லன்னுட்டாங்க."

"எப்பத்துலேர்ந்துக்கா?"

"தீபாவளி கழிஞ்ச மறுநாளு. காப்பி கேட்டுக்கிட்டே இருந்தவரு, பாதியில நின்னுபோச்சு. வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. இந்தா, இப்பக்கூட அசைக்கிறாரு."

திரையில் இன்னொரு வரி. "அவகிட்ட சொல்லு. தண்ணி வேணும்னு சொல்லு."

"அக்கா... அவருக்குத் தண்ணி குடுங்க."

டம்ளர் சத்தம். மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம். ராக்கம்மாவின் குரல் மாறியிருந்தது.

"ஒனக்கு எப்படிலா தெரியும்?"

திலகாவுக்கு வசந்தன் மறந்துபோனார். ஷாமினி. செவ்வாய்க்கிழமை ஷாமினி அனுப்பிய செய்தி. 'தொண்டை கட்டிக்கிச்சுமா, குரலே வரல. வெள்ளிக்கிழம வீட்டுக்கு வரேன்.' உப்புத் தண்ணியில் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு அன்று சாயந்தரமும் மகள் பேரில் அவள் பெரட்டுக்கு வந்திருந்தாள். புதன்கிழமையும் வந்திருந்தாள். நேற்றும். புதனிலிருந்து ஷாமினியிடமிருந்து ஒரு எழுத்துகூட இல்லை. அனுப்பியதைப் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் மட்டும்.

இன்று வெள்ளிக்கிழமை.

பக்கத்தைத் தொடங்கியவள் அவள். எந்தக் கணக்கையும் அவளால் அழிக்க முடியும். அழித்துவிட்டால் குரல் அவரவர் தொண்டைக்குத் திரும்பிவிடாதா? திரும்ப வேண்டும். முருகா, திரும்ப வேண்டும். ஆனால் மகள் கணக்கில் கைவைக்கப் பயந்து, அடுத்தவள் புருஷன் கணக்கில் பரீட்சை பார்த்தாள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வசந்தன் பேரை அழுத்தினாள். 'நீக்கவா?' என்று கேட்டது. ஆமாம் என்றாள்.

மீசைப் படம் போய்விட்டது.

"ஐயோ!" ராக்கம்மா இன்னும் தொடர்பில்தான் இருந்தாள். "வாய் நின்னுபோச்சு திலகா! பல்லக் கடிச்சிக்கிட்டாரு, தொறக்க முடியல! என்னங்க... இந்தாங்க, இங்க பாருங்க... கண்ணு மட்டும் என்னையே..."

தொடர்பு அறுந்தது.

மழை கொட்டத் தொடங்கியிருந்தது. தகரத்தில் மழை, வாளியில் மழை, வாசல் மண்ணில் மழை. தேத்தண்ணி வற்றிச் சட்டி தீய்கிற நாற்றம். திலகா எழுந்து போய் அடுப்பை அணைக்கவில்லை. அவள் விரல் ஷாமினி பேருக்கு மேல் நின்றது. எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

மணி ஆறு. அவள் "பெரட்டு!" போடவில்லை. யாரும் போடவில்லை.

"வந்துட்டேன்லா." பஞ்சாலை.

"வந்துட்டேன்லா." இன்னொருவர். அடுத்தவர். வரிசையாக. நோட்டில் அவள் எழுதி வைத்த வரிசையிலேயே.

கதவு திறந்தது. ஷாமினி நின்றாள். சொட்டச் சொட்ட நனைந்து, முதுகில் பையோடு, இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு. கண் வீங்கியிருந்தது. அழுதுகொண்டே வந்திருக்கிறாள்.

"கண்ணு, அம்மான்னு கூப்புடு. ஒரே ஒரு தடவ. கூப்புடுலா!"

ஷாமினி வாயைத் திறந்தாள். உதடு குவிந்தது. விரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

மழைச் சத்தம்.

திலகா மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"அம்மா."

"அம்மா, தொண்டைக்குள்ள யாரோ இருக்காங்கமா."

"நெறைய பேரு இருக்காங்கமா. எல்லாரும் ஒன் பேரச் சொல்றாங்க."

"அம்மா?"

ஈரமான இரண்டு கைகள் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தன. திலகா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பினால் மகள் முகம் தெரியும். பேச்சு கேட்காது.

"அம்மா, ஏன் என்னப் பாக்க மாட்டேங்கற?"