மூடிக்குள் அணைந்த பச்சை

“போலியாம்! நான் கொடுத்த கல்லு போலியாம்!”

கோதை மூன்று நாளுக்கு முன் வந்த கடிதத்தை மறுபடியும் கசக்கிப் பைக்குள் திணித்தாள். நிலவியல் படிக்கும் அவள், கூகைக்கரடு என்ற சிறு குன்றின் குகையில் கண்டுபிடித்தது வில்லமைட். துத்தநாகமும் சிலிக்காவும் சேர்ந்த அந்தச் சாம்பல் நிறக் கனிமம், குறுஅலைப் புற ஊதா விளக்கைக் காட்டினால் பச்சைப் பசேலென்று ஒளிரும். ஆய்வுக் குழுவோ, ‘சோதித்தோம், ஒளிரவில்லை’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டது. கனிமம் இருந்தால் கரட்டைத் தொடக் கூடாது; இல்லை என்று ஆனதால் இன்று மாலை ஐந்து மணிக்கு அதை ஜல்லிக்காக வெடிவைத்துத் தகர்க்கப் போகிறார்கள்!

“கல்ல மாத்திட்டாங்க, திருடனுங்க!” மூன்று நாளாக ஊரெல்லாம் இதையே சொன்னாள். குழுத் தலைவர் மனோகரனின் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிட்டாள்.

“வேற கல்லு எடுத்துட்டு வந்து காட்டுவோம், கிளம்பு!” என்றாள் தோழி ரிஸ்வானா.

குகை வாயைப் பாறை உருட்டி அடைத்திருந்தார்கள். எவ்வளவு திமிர்! ஆனால் உச்சியில் ஓர் ஆள் நுழையும் பிளவு இருந்தது. கிணறு வெட்டும் நாச்சிமுத்து அங்கே கயிற்றோடு காத்திருந்தார்.

“அம்மிணி, கவுறு எம்பொறுப்புங்க. ஆனா நான் ரெண்டு சுண்டு சுண்டுனா உடனே மேல வந்துபோடோணும். இன்னொரு நிமிசம்ங்கற பேச்சே ஆகாது.”

இருவரும் இறங்கினார்கள். நட்டநடுப் பகலிலும் உள்ளே கும்மிருட்டு. வௌவால்கள் முகத்தில் உரசிப் பறந்தன. கோதை புற ஊதா விளக்கைப் போட்டாள்.

சுவர் முழுக்கப் பச்சை! நெல் நாற்றங்காலைத் தூக்கி நிறுத்தியதுபோல் குகையே ஒளிர்ந்தது.

அதே நேரம் பாறை கிடுகிடுவென்று நடுங்கியது. வெடிக்குழி துளைக்கத் தொடங்கிவிட்டார்கள்! கயிறு இரண்டு முறை சுண்டியது. கோதை அவசரமாக ஒரு துண்டைப் பெயர்த்தாள். ரிஸ்வானா கொண்டுவந்திருந்த கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் அதைப் போட்டு மூடினாள்.

பச்சை அணைந்துவிட்டது.

“விளக்கு போயிடுச்சா?” என்றாள் ரிஸ்வானா.

“இல்லையே, சுவர் இன்னும் ஒளிருதே!” கோதை கல்லை வெளியே எடுத்தாள், பச்சை. உள்ளே போட்டாள், சாம்பல். “அடக் கொடுமையே! கண்ணாடி இந்தக் கதிரைத் தடுக்குது! என் கல்லையும் கண்ணாடிப் பெட்டியிலதான் வெச்சு சீல் போட்டாங்க. மூடியத் திறக்காமலே வெளிய இருந்து விளக்கடிச்சுப் பார்த்திருக்காங்க!”

திருடியிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஒரு மூடியைத் திறக்கச் சோம்பல்பட்டு, ஒரு கரட்டையே தகர்க்கக் கையெழுத்துப் போடுவதா?

தலைக்கு மேல் கல் உதிர, நாச்சிமுத்து இருவரையும் ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். மூவரும் சரிவில் உருண்டு புரண்டு அடிவாரத்தில் இருந்த ஆய்வுக் குழுவின் கூடாரத்துக்குள் பாய்ந்தார்கள். சீல் வைத்த பெட்டி மனோகரனின் மேசைமேல் இருந்தது.

“சீலை உடைக்க விதி இடம் தராதும்மா” என்றார் அவர்.

“மலைய உடைக்க மட்டும் இடம் தருதாங்க?” என்றார் நாச்சிமுத்து. உள்ளே இருட்டாகும்படி கூடாரத் திரைகளை இழுத்து விட்டார்.

கோதை பாட்டிலின் மேல் விளக்கைக் காட்டினாள். பாட்டிலுக்குள் கல், சாம்பல். வெளியே, பச்சை. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. மனோகரன் வியர்வையைத் துடைத்தார். பிறகு தாமாகவே சீலைக் கிழித்து மூடியைத் திறந்தார். மூன்று நாளாகப் போலி என்று பெயர் வாங்கிய கல், பளிச்சென்று ஒளிர்ந்தது.

“வேலையை நிறுத்துங்கப்பா!” என்று வெளியே பார்த்துக் கத்தினார் அவர். துளைக்கும் சத்தம் நின்றது.

“சோதனை தெளிவாக அமையவில்லைன்னு திருத்தி எழுதிடறேம்மா.”

“முடியாது சார்! உங்களைத் திருடன்னு சொன்னது என் தப்பு. நானும் தீர விசாரிக்காமப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. ஊரெல்லாம் போய் அதை நானே மாத்திச் சொல்றேன். ஆனா நீங்க நடந்ததை நடந்தபடி எழுதணும்.”

மனோகரன் அவளை ஒருமுறை பார்த்தார். பேனாவைத் திறந்து மெதுவாக எழுதினார்: ‘பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.’