பட்டனின் கைராசி

"எல்லாரும் தள்ளி உட்காருங்க! ரொம்பக் கிட்ட வந்தா மந்திரம் வேலை செய்யாது!"

மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு வாயாடி அதட்டினாள். அவளுக்குப் பத்து வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்பதால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் வாயாடிதான். தூரிகையை நாக்கில் தடவிக் கூராக்கும்போது மட்டும் அந்த வாய் கொஞ்சம் ஓயும். "பெயிண்டைத் தின்னாதேடி!" என்று அம்மா கத்தாத நாள் கிடையாது.

எதிரே தரையில் நான்கு பொடிசுகள் உட்கார்ந்திருந்தன. வாயாடியின் மடியில் ஓர் அட்டைப்பெட்டி மூடி. அதில் வெள்ளைத்தாள். தாளில் அங்கங்கே சிவப்பும் நீலமுமாகப் பெயிண்ட் சொட்டுகள். நடுவில் அப்பாவின் சைக்கிள் கடையிலிருந்து வந்த, சக்கரத்துக்குள் உருளுகிற ஒரு பால்ரஸ் குண்டு.

வாயாடி குண்டுக்கு மேலே ஒரு விரலை நீட்டினாள். "ஜிங் ஜக்கா ஜிங்!"

குண்டு உருண்டது! விரல் போன பக்கமெல்லாம் ஓடியது. போகிற வழியில் பெயிண்டில் விழுந்து எழுந்து, தாள் முழுக்க நீலமும் சிவப்புமாகக் கோடு இழுத்தது.

"நீ தொடவே இல்லையேக்கா!" என்று ஒரு சிறுமி அலறினாள். அந்தக் குரலுக்காகவே அவளுக்குக் கீச்சு என்று பட்டப்பெயர்.

"கைராசிடி! கைராசி இருந்தாத்தான் உருளும்."

கைராசியாவது ஒன்றாவது! மடியில் விரித்திருந்த துண்டுக்கு அடியில் அவளுடைய இன்னொரு கை இருந்தது. அந்தக் கையில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் இருந்தது. கீழே காந்தம் நகர்ந்தால் மேலே இரும்பு நகரும். அவ்வளவுதான் சங்கதி.

பிறகு பொடிசுகளின் முறை. அப்பாவின் தகர டப்பாவிலிருந்து ஆளுக்கொரு சாமானை எடுத்துத் தாளில் வைத்து, மேலே விரலை நீட்ட வேண்டும். கீச்சு நீட்டினாள், ஓடியது. இரட்டைப் பிள்ளைகள் நீட்டினார்கள், ஓடியது. கடைசியாகப் பட்டன் வந்தான். தையல்கார அத்தையின் மகன். தையல்காரர் வீட்டில் பிறந்தும் சட்டைப் பட்டனை ஒருநாளாவது ஒழுங்காகப் போட்டதில்லை.

டப்பாவில் இருந்ததிலேயே பளபளவென்று மின்னிய வட்ட நட்டை அவன் எடுத்தான். சைக்கிள் டியூப் வால்வில் மாட்டுகிற நட்டு. அதைத் தாளில் வைத்து, மேலே விரலை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ஜிங் ஜக்கா ஜிங்!"

நட்டு அசையவில்லை. வாயாடி துண்டுக்கடியில் காந்தத்தை இப்படியும் அப்படியும் தேய்த்தாள். ஊஹூம். கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது.

"என்னக்கா, போகல?" என்றாள் கீச்சு.

மந்திரம் அம்பலமாகிவிடுமோ என்று வாயாடிக்கு வியர்த்துவிட்டது. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நான் என்ன பண்ண? அவன் கைக்கு ராசி இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டன் சிரிக்கவில்லை. தன் விரலை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் அம்மாவின் பைக்கு ஜிப் வைக்க, தையல்கார அத்தை வீட்டுக்கு வாயாடி போனாள். அத்தை ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. இந்த நூலைக் கொஞ்சம் கோத்துக் குடு. தினமும் இவன்தான் கோத்துக் குடுப்பான். நேத்துலேர்ந்து ஊசியையே தொட மாட்டேங்கறான்."

"ஏன் அத்தை?"

"அவன் கைக்கு ராசி இல்லையாம். தொட்டா சட்டையெல்லாம் கெட்டுப் போயிடுமாம். யார் சொன்னான்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

மூலையில் பட்டன் நின்றிருந்தான். இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன. அவன் அவளைக் காட்டிக்கொடுக்கவே இல்லை!

வாயாடிக்குக் காது இரண்டும் சுட்டன. நூலைக் கோக்கப் போனாள். ஊசியின் காது தெரியவே இல்லை. எப்படியோ கோத்துக் கொடுத்துவிட்டு ஓடியே போய்விட்டாள்.

வீட்டில் அந்த நட்டைத் தேடி எடுத்துக் காந்தத்தில் வைத்தாள். ஒட்டவில்லை. சிமெண்டுத் தரையில் தேய்த்தாள். மேலே இருந்த வெள்ளைப் பூச்சு போய், உள்ளே மஞ்சளாகப் பல்லிளித்தது. பித்தளை! காந்தம் பித்தளையை ஏன் சட்டை செய்யப்போகிறது?

'இதைப் பார்க்கக்கூடத் தோணல. பாவம், ஒரு குழந்தை மேல பழியைப் போட்டுட்டேனே!' வெட்கத்தில் அவளுக்குக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆனாலும் மனசு ஒரு குறுக்குவழி சொன்னது. 'அவனுக்கு இரும்புக் குண்டைக் கொடு. ராசி வந்துடுச்சுன்னு சொல்லு. யாருக்கும் எதுவும் தெரியாது.'

மாலையில் குண்டை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். "பட்டன், இன்னொரு தடவை பண்றியா? இன்னிக்கு வரும்டா."

பட்டன் பின்னால் நகர்ந்தான். "வேணாம்க்கா. உன் பெயிண்டும் கெட்டுப் போயிடும்."

அவ்வளவுதான். குறுக்குவழி அடைத்துக்கொண்டது. இந்த நிலையிலும் தன் பெயிண்டுக்காகக் கவலைப்படுகிறவனிடம் இன்னொரு பொய்யா?

"எல்லாரும் வாங்க! படிக்கட்டுக்கு வாங்க!" என்று கூப்பிட்டாள்.

பொடிசுகள் ஓடிவந்தார்கள். பட்டன் கடைசியாக வந்து, தள்ளியே உட்கார்ந்தான். வாயாடி மடியில் துண்டு போட்டுக்கொள்ளவில்லை. பேசப் பார்த்தாள், வார்த்தை வரவில்லை. வாயாடிக்கே வார்த்தை வரவில்லை! எச்சிலை விழுங்கிக்கொண்டு காந்தத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்தாள்.

"மந்திரமும் இல்ல, கைராசியும் இல்ல. இது காந்தம். இதை அட்டைக்குக் கீழ பிடிச்சிருந்தேன். பட்டன் வெச்சது பித்தளை. அதை யார் பண்ணாலும் நகராது. பாருங்க, நானே பண்றேன்."

பண்ணினாள். நட்டு நகரவில்லை.

"அப்போ பொய் சொன்னியா?" என்றாள் கீச்சு.

"ஆமா. சொன்னேன்."

"அப்போ பட்டன் கை?"

"பட்டன் கை நல்ல கை. என் நாக்குதான் கெட்ட நாக்கு. தப்புடா பட்டன். அக்கா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பட்டன் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கை மெல்லப் பையிலிருந்து வெளியே வந்தது. காந்தத்தை எடுத்து அட்டைக்குக் கீழே பிடித்தான். மேலே பால்ரஸ் குண்டு துள்ளி ஓடி நீலத்தில் குளித்தது.

"ஓடுது! ஓடுது!"

இன்னொரு கையும் வெளியே வந்துவிட்டது. அந்தக் கை நேராகப் பித்தளை நட்டை எடுத்துச் சிவப்புப் பெயிண்டில் தோய்த்து, தாளில் ஒரு குத்துக் குத்தியது. அழகான சிவப்பு வளையம்!

"பாவம்க்கா, இதுக்கும் ஒரு வேலை வேணும்ல" என்றான் பட்டன்.

அப்புறம் யார் வரிசையில் நின்றார்கள்? காந்தத்துக்கும் நட்டுக்கும் ஒரே அடிதடி. வாயாடி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, பழக்கத்தில் தூரிகையை நாக்கில் வைத்தாள்.

"டேய் பட்டன்! நூல் கோக்கணும்டா!" என்று வீட்டிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"வரேம்மா!" பட்டன் எழுந்தான். இரண்டடி போனவன் திரும்பி வந்து வாயாடியின் முன்னால் நின்றான்.

"அக்கா, நாக்கை நீட்டு."

வாயாடி நீட்டினாள். அவன் இடுப்பில் கைவைத்துக் குனிந்து, டாக்டர் மாதிரி நன்றாகப் பார்த்தான்.

"கெட்டதெல்லாம் இல்லக்கா. கொஞ்சம் நீலமா இருக்கு, அவ்வளவுதான். கழுவினா போயிடும்" என்று சொல்லிவிட்டு, பெயிண்ட் அப்பிய கைகளை வீசிக்கொண்டு ஓடினான்.

வாயாடி நேராகக் குழாயடிக்கு ஓடினாள்.