மீந்த மூன்று கேன்

முப்பது கேன் பிடிக்க வேண்டிய தொட்டி இருபத்தேழாவது கேனிலேயே நிரம்பிவிட்டது. போட்டிருந்த கோட்டை வந்து தொட்டுவிட்ட தண்ணீரையும், சுவரோரம் மூடி திறக்காமல் நின்ற மூன்று கேன்களையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். எண்ணியதில் தவறிவிட்டோமோ என்று காலி கேன்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். இருபத்தேழுதான்.

"மிச்சம்தானே? சந்தோஷப்படு," என்றார் கணவர். ஸ்டூல் மேல் ஏறி அத்தனையையும் ஊற்றியவர் அவர். இடுப்பைப் பிடித்தபடி போய் சோபாவில் விழுந்தார்.

அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு சிமென்ட், எவ்வளவு கம்பி, எத்தனை சதுர அடி ஓடு என்று மதிப்பீடு போட்டுக் கொடுப்பது அவள் தொழில். ஆபீஸில் அவளுக்கு 'இஞ்ச் டேப்' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். பதினாறு வருஷத்தில் எத்தனையோ மாடிகளை நூல் பிசகாமல் கணக்குப் போட்டவளுக்குச் சொந்த ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி அறுபது லிட்டர் உதைத்தது.

அந்தத் தொட்டிக்காக எட்டு மாதம் உயிரை விட்டிருந்தாள். கணவர் எக்ஸ்ரே எடுப்பவராக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் கடல்மீன்கள் நீந்தும் ஒரு பவளத் தொட்டி உண்டு. ஆறு வயது மகள் அதன் முன்னால் போய் நின்றால் இழுத்தாலும் வரமாட்டாள். நம் வீட்டிலேயே ஒன்று கட்டலாம் என்று குழந்தையிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த நாளிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று. தரை அந்த எடையைத் தாங்குமா என்று பார்த்து இரும்பு ஸ்டாண்ட் செய்யச் சொன்னால், ஒரு கால் குட்டையாக வந்தது. கண்ணாடிக்காரர் மூன்று முறை நாள் சொல்லி நாலாவது முறை வந்தார். வந்தவர் வெட்டிக்கொண்டு வந்த பக்கக் கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் குறைந்தது. சிலிக்கான் பசையால் ஒட்டிய பிறகு பத்து நாள் வீடு முழுக்கப் புளித்த வாடை. இத்தனைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், இந்த மூன்று கேன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி அளந்தாள். உள் நீளம் நூற்றெண்பது சென்டிமீட்டர், அகலம் அறுபது, கோடு வரை ஐம்பத்தெட்டு. கல்லும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தை முன்னமே வாளியில் முக்கி அளந்து கழித்திருந்தாள். அறுநூறு லிட்டர். எப்படிப் போட்டாலும் அறுநூறு. கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாள். கண்ணாடி சுருங்காது மேடம் என்று அவர் குழந்தைக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் எரிச்சலாக இருந்தது.

உடனே மீன் விட்டுவிட முடியாது. கடல்மீன் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆறு வாரம் தொட்டி வெறுமனே ஓட வேண்டும். ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விட்டால், அந்த அழுக்கைத் தின்னும் கிருமிகள் கல்லில் குடியேறும். ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து நாலு சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். பச்சையாக மாறினால் உள்ளே விஷம் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் மீன் விடலாம்.

ஆறாவது வாரம் பச்சை. ஏழாவது வாரம் கரும்பச்சை. இறால் துண்டை எப்போதோ எடுத்து எறிந்தாகிவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றினாள். ஒவ்வொரு கல்லையும் வெளியே எடுத்து பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஒன்பதாவது வாரமும் குப்பி, கையில் பிடித்தவுடனேயே பச்சையாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் மகள் கேட்டாள்.

"மீன் எப்பம்மா வரும்?"

"அடுத்த வாரம்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

அவள் குப்பியைக் கழுவப் போனாள்.

மணல் இன்னொரு தலைவலி. நடுவில், நீளவாக்கில் ஒரு பள்ளம் விழுந்தது. காலையில் இரும்பு ஸ்கேலை விட்டுச் சமமாக இழுத்துவிட்டு ஆபீஸ் போவாள். மாலையில் அதே இடம், அதே நீளம், ஒரு முனையில் கொஞ்சம் அகலம். தண்ணீரைத் தள்ளிச் சுற்றவிடும் அலை மோட்டார் செய்கிற வேலை என்று அதை இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள், ஒரு நாள் முழுக்க அணைத்தே வைத்தாள். மோட்டார் நின்ற வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பள்ளம் மட்டும் விழுந்திருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்து, வாரா வாரம் குறித்துவைத்த விஷ அளவுகளை வரிசையாக வாசித்தாள். அவர் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

"உள்ள என்ன மேடம் போட்டிருக்கீங்க?"

ஒன்றும் இல்லை, கல்லும் மணலும்தான் என்றாள்.

"அறுநூறு லிட்டர்ல இவ்வளவு வரணும்னா இறால் துண்டெல்லாம் பத்தாது," என்று சிரித்தார் அவர். "முழுசா ஒரு ஆளு உள்ள படுத்திருந்தாதான் உண்டு."

அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறை மூலையைப் பார்த்தாள். மூன்று கேன்கள். கேனுக்கு இருபது லிட்டர். மனித உடம்பு ஏறத்தாழத் தண்ணீரின் எடைதான் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து தொட்டிக்குள் விழுந்தது. மோட்டார் கிளப்பிய குமிழிகள், மாவு சலித்ததைப் போலப் பொடிப்பொடியாக, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மினுங்கிக்கொண்டே மிதந்து போயின. அவள் ஸ்கேலும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளத்துக்கு மேலே வந்ததும் குமிழிகள் இரண்டாகப் பிரிந்தன. ஓடும் ஆற்றுநீர் பாறையைச் சுற்றிப் போகுமே, அப்படி. சுற்றிப் போய், அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்துகொண்டன. நடுவில் ஒன்றுமில்லை. பின்சுவர் பளிச்சென்று தெரிந்தது.

மூடியைத் தள்ளிவிட்டு முழங்கை வரை கையை விட்டாள். எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் இளஞ்சூடாக இருந்தது, ஆள் எழுந்துபோன நாற்காலியைப் போல. அவள் கை அங்கே இருக்கும்போதே பிரிந்திருந்த குமிழிகள் ஒன்றுசேர்ந்தன. ஒரு நொடிதான். பிறகு ஓர் அடி தள்ளி, முன் கண்ணாடியை ஒட்டி, மறுபடி பிரிந்தன. அந்தக் கண்ணாடிக்கு வெளியேதான் மகள் மூக்கை அழுத்தி, மூச்சுப் படிந்த இடத்தில் விரலால் மீன் வரைந்துகொண்டிருந்தாள்.

அவள் குழந்தையின் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் குழந்தை அழுதுவிட்டது.

கணவர் வந்ததும் தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்றாள். காரணம் கேட்டார். சொன்னாள். சொல்லும்போதே, தன் காதுக்கே அது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தது. வேண்டுமானால் தொட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாமா என்று அவர் முதலில் விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் விடவில்லை என்றதும் அவருக்கும் பொறுமை போயிற்று.

"எதை எடுத்தாலும் உனக்கு ஒரு மில்லிமீட்டர் குறையுது," என்றார். "பத்து மாசமா இந்த வீட்ல நாங்க மூச்சு விடறதைக்கூட நீ அளந்துக்கிட்டுதான் இருக்க. குழந்தையை ஏன் அழ வெச்ச?"

ஞாயிற்றுக்கிழமை நானே காலி செய்துகொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு வரை போகவேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை காலை காபி டம்ளரோடு ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். ஐந்தரை சென்டிமீட்டர். முட்டி போட்டு, தரையைக் கையால் தடவினாள். ஸ்டாண்டுக்கு அடியில், சுவரோரம், கம்பளத்தின் ஓரம். பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. மூடி மூடியபடி இருந்தது. அதன் மேல் முந்தின நாள் அவள் வைத்த மருந்துப் பெட்டி, வைத்த கோணத்திலேயே இருந்தது.

குப்பியில் தண்ணீர் எடுத்து நாலு சொட்டு விட்டாள். மஞ்சள். ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். மஞ்சள். மணல் சமமாக இருந்தது.

கணவர் மகளைத் தூக்கிச் சுற்றினார். நான் சொன்னேன் இல்லையா, பொறுமை வேண்டும் என்று பத்து தடவை சொல்லிவிட்டார். நாளை டியூட்டி முடிந்து வரும்போதே மீனோடு வருகிறேன் என்றார். மூன்று கேன்களையும் அவரே தூக்கி வந்து உப்புக் கலந்து ஊற்றினார். கடைசிச் சொட்டோடு தண்ணீர் கோட்டில் வந்து நின்றது. நூல் பிசகவில்லை.

முப்பது கேன். அறுநூறு லிட்டர். ஒன்பது வாரமாக உதைத்த கணக்கு நேராகிவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு ராத்திரியில் அறுபது லிட்டர் எங்கே போகும், எப்படிப் போகும் என்று கேட்கவேண்டியவள் அவள்தான். அவள் அந்தக் கேள்வியை விழுங்கினாள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கணவர் அவள் தோளில் கை போட்டிருந்தார். போதும் என்று இருந்தது.

மத்தியானம் துவைத்த துணிகளை அள்ளிக்கொண்டு அறைகளுக்கு இடையே இருக்கும் நடையில் வந்தாள். எதிரே மகள் துள்ளிக்கொண்டே ஓடி வந்தாள். பாதி வழியில் குழந்தை நின்றது. பஸ்ஸில் இறங்குபவருக்கு வழி விடுவதைப் போலச் சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்று, பிறகு மறுபடி ஓடி வந்தது.

"எதுக்கு ஒதுங்கின?"

"சும்மா," என்றது குழந்தை. அதற்கே தெரியவில்லை.

அவளும் நடந்தாள். அதே இடத்தில், தன்னை அறியாமல், துணிமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். கழுத்தோரம் ஈரக்காற்று போலொன்று பட்டது. உப்பு வாடை. வீடு முழுக்கத்தான் உப்பு வாடை, ஒன்பது வாரமாக. அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் போன் செய்தார். கடையில்தான் நிற்கிறாராம், ஆரஞ்சு நிற மீன் இரண்டு வாங்கிவிட்டாராம். மகள் ஹாலில் தரையில் குப்புறப் படுத்து, கலர் பென்சில்களைப் பரப்பி, வரப்போகும் மீன்களுக்குப் பெயர்ப்பலகை செய்துகொண்டிருந்தாள். போனை வைத்ததும் ஆபீஸிலிருந்து வேறொரு அழைப்பு. ஏதோ ஒரு மாடியில் தரை ஓட்டின் கணக்கு இடிக்கிறதாம். அவள் உள்ளறைக்குப் போய், தாளை விரித்து, சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டாள். ஏழு நிமிஷம் இருக்கும்.

ஹாலில் பென்சில் கீறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் வேறொரு சத்தம் வந்ததும்தான் தலை நிமிர்ந்தாள். சொட்டு. தரையில் சொட்டு. பிறகு சொட்டு இல்லை, ஒழுக்கு.

ஹாலுக்கு வந்தாள்.

தொட்டி விளிம்பு வரை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முன் கண்ணாடி முழுக்க மெல்லிய திரையாகத் தண்ணீர் இறங்கியது. மூடி மூடியபடி. மருந்துப் பெட்டி அதன் மேல். தரையில் பென்சில்கள் மெதுவாக உருண்டன. பாதி எழுதிய அட்டை நனைந்து கறுத்தது.

"குட்டிம்மா."

பதில் இல்லை. வாசற்கதவின் மேல்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. குழந்தைக்கு எட்டாது. சமையலறை காலி. குளியலறை காலி. சோபாவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"குட்டிம்மா, விளையாடாதே."

மனம் அவளைக் கேட்காமலேயே கணக்குப் போட்டது. கோட்டிலிருந்து விளிம்புக்கு ஏழு சென்டிமீட்டர். போய்த் திரும்பிய அறுபது லிட்டருக்கு ஐந்தரை. மீதி ஒன்றரை. அதையும் தாண்டி வழிகிறது. பதினேழு. இல்லை, பதினெட்டு லிட்டர்.

போன மாதம் டாக்டர் நிறுத்துப் பார்த்தபோது பதினெட்டு கிலோ.

காலடியில் தண்ணீர். இளஞ்சூடு. தொட்டியருகே போனாள். உள்ளே கல். மணல். வேறொன்றும் இல்லை. மோட்டார் சீராக ஓடியது. குமிழிகள் மிதந்து வந்தன. நடுவில் இரண்டாகப் பிரிந்தன. பெரிய இடைவெளி. சேர்ந்தன. கீழே, கண்ணாடியை ஒட்டி, மறுபடி பிரிந்தன.

சின்ன இடைவெளி.

அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். உள்ளே, அவள் கைக்கு நேர் எதிரே, குமிழிகள் ஐந்து மெல்லிய கோடுகளாகப் பிரிந்தன. நின்றன. நடுங்கின.

அப்போது பின்னாலிருந்து அந்தப் பெரிய இடைவெளி நகர்ந்து வந்து, நிதானமாக, ஐந்து கோடுகளையும் மூடியது.