ஏழாம் நம்பர் ஃபேடர்

ஒயரே இல்லாத ஃபேடர் சுடக் கூடாது. ஆனால் நோயலின் விரல் சுட்டது.

1998. வசந்த்நகரில் ஒரு பழைய அரங்கம். மத்தியான ஒத்திகைக்காக ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்ததால், எரிந்த தூசியும் ஊறிப்போன திரைச்சீலையும் கலந்த வாடை, பின்னால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் கொண்ட விளக்குப் பலகையின் முன் உட்கார்ந்திருந்த நோயலின் தொண்டையை அடைத்தது. மேடையில் மணப்பெண் வேஷத்தில் அவர் மகள் பிரிஜெட். மர்பி டவுன் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தவளுக்கு இதுதான் முதல் பெரிய மேடை.

பழைய ஜெர்மன் ஓபரா ஒன்றை டைரக்டர் ஸ்ரீகண்டன் 'மாடர்ன்' ஆக்கியிருந்தார். வேட்டைக்காரன் இப்போது வைட்ஃபீல்ட் கம்பெனி ஒன்றின் மேனேஜர். சாத்தான் தரும் ஏழு குண்டுகள் ஏழு விளக்குகளாகிவிட்டன. வெளிச்சம் பட்டவன் சாவான். ஆறு விளக்கின் வெளிச்சம் மேனேஜர் சொன்ன ஆள் மேல் விழும். ஏழாவது மட்டும் சாத்தானின் இஷ்டம்.

அரங்கத்தில் இருந்ததே ஆறு விளக்கு. ஆறே போதும் என்று நோயல் டைரக்டரிடம் மூன்று நாள் மன்றாடினார்.

"ஏழுன்னா ஏழுதான்பா!"

வெறுத்துப்போய், செத்த ஃபேடர் ஒன்றில் பிளாஸ்திரி ஒட்டி '7' என்று எழுதி நேற்று சும்மா தள்ளினார். "பாத்தியா, இப்பதான் களை வந்திருக்கு!" என்றார் டைரக்டர். நோயலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்று முன்வரிசையிலிருந்து அதே குரல்.

"ஏழு கண்ணைக் குத்துது. ஸ்வல்ப கம்மி பண்ணுப்பா."

சுட்ட விரலை உதறிவிட்டு ஃபேடரைக் கீழே இழுத்தார்.

"கம்மி பண்ணச் சொன்னா ஜாஸ்தி பண்றியே!"

எரிச்சலோடு நிமிர்ந்தார்.

ஆறு விளக்கும் அணைந்திருந்தன. பிரிஜெட்டின் காலடியில் ஒரு வெள்ளை வட்டம். மேலே கம்பியில் அதற்கு விளக்கு இல்லை.

"பிரிஜெட்! நகரும்மா!"

"இங்கதான் நிக்கச் சொன்னாங்க டாடி. மானத்தை வாங்காதீங்க!"

பாட ஆரம்பித்தாள். வட்டம் அவள் முழங்காலுக்கு ஏறியது. இடுப்புக்கு.

மெயினை அணைத்தார். மின்விசிறி நின்றது. வட்டம் நிற்கவில்லை.

பிளாஸ்திரியைப் பிய்த்தார். நகம்தான் வந்தது. '7' அசையவில்லை.

ஓடினார். நாற்காலிகள் இடித்தன. விழுந்தார். எழுந்தார்.

கழுத்து.

முகம்.

பாட்டு பாதியில் நின்றது.

"சூப்பர்! அப்படியே நில்லும்மா!" டைரக்டர் கை தட்டினார்.

அவள் நின்றாள். வாய் திறந்தபடி. இமைக்காமல்.

பின்னால் திரையில் அவள் நிழல் மட்டும் மெல்ல மண்டியிட்டு, பக்கவாட்டில் சரிந்து விழுந்தது.