ஷாலுவின் வளையம்

மூன்று நாளாக வாசல்படி தாண்டாத ஷாலுவுக்கு, வெயிலில் காய்ந்தவளைப் போல மூக்கில் தோல் உரிந்தது. மணலி ஆலைகள் பக்கமிருந்து வரும் கேஸ் நாற்றத்துக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, நட்டநடுப் பகலிலேயே வீட்டை இருட்டாக்கி வைத்திருந்தாள். ரோட்டில் டேங்கர் லாரிகள் உறுமிப் போகும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் மெல்ல நடுங்கின. கன்னத்தைத் தொட்டால் சுட்டது.

கம்பெனி லேபில் வேலை அவளுக்கு. லீவு நாளெல்லாம் வானம்தான். எப்போதோ ஓய்ந்துபோன ஒரு செயற்கைக்கோள் புற ஊதாக் கதிரில் எடுத்த படங்கள் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. பெரிய படிப்பு படித்தவர்கள் கவனிக்காமல் விட்ட விசித்திரமான விண்மீன் மண்டலங்களை அவற்றில் அவளும் நண்பன் உதயாவும் தேடுவார்கள். வியாசர்பாடியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒருவர் கண்டதை மற்றவரும் தனியாகப் பார்த்துக் குறித்தால்தான் செல்லும். வானியல் மையத்துக்கு அனுப்பும்போது இரண்டு பேரின் பெயரும் போக வேண்டும். ஏழு வருடமாக இதுதான் பேச்சு. போன மாதம் ஒன்று சிக்கியது. நடுவில் ஒன்றுமே இல்லாத நீல வளையம், கடுகளவு. இரண்டு பெயரையும் போட்டு அனுப்பினார்கள்.

இன்று மையத்தின் பட்டியல் வெளியானது. கண்டுபிடித்தவர்: ஷாலு. வேறு பெயர் இல்லை.

ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் தன் பெயரை அச்சில் பார்க்காதவள் அவள். ஆனாலும் சந்தோஷம் ஒரு நொடிதான் நின்றது. உதயா விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. ஓசி டீயில்கூடப் பங்கு கேட்பவன்.

படத்தைத் திறந்தாள். என்றோ எடுத்து முடிந்துபோன அதே படம். கடுகளவு வளையம் எலுமிச்சை அளவாகியிருந்தது. வானத்தின் வேறு மூலையைத் திறந்தாள். அங்கேயும் அது. இன்னும் பெரிதாக.

போன மாதம் உதயாவின் முகமும் இப்படித்தான் உரிந்திருந்தது. அலர்ஜி என்றான். நேற்று அனுப்பிய போட்டோவில் முகம் பளிச்சென்று இருந்தது.

உதயாவுக்குப் போன் போட்டாள்.

"என் பேர எடுக்கச் சொல்லி மெயில் போட்டேன் ஷாலு. அந்த வளையம் என்னாண்ட வந்துகினே இருந்துச்சு. பேர எடுத்தப்பால வர்ல."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீயும் எடுத்துருப்ப. அப்பால அது யாராண்ட போவும்?"

கழுத்தறுத்துவிட்டான். தோஸ்து என்று நம்பியவன், தெரிந்தே செய்திருக்கிறான். பயத்தைவிட அதுதான் அவளுக்கு முதலில் வலித்தது.

கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

சூடு அணையவில்லை.

இருட்டில் முகம் எரிந்தது. பிறகு தோள். லாரிச் சத்தம் இல்லை. டம்ளர்கள் மட்டும் நடுங்கின.

ஜன்னல் துணியை இழுத்தாள். பகல் உள்ளே வந்தது. திரும்பினாள்.

நாற்காலிக்குப் பின்னால் இருந்த பச்சைச் சுவர், போன பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த சுவர், எலும்பு நிறத்துக்கு வெளுத்திருந்தது. நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பழைய பச்சை. அவள் உட்கார்ந்திருந்த உருவம், தலை, தோள், எல்லாம் அப்படியே.

பக்கத்தில் இன்னொரு பச்சை நிழல். கூரை வரை உயரம். குனிந்து, நீண்ட கையை அவள் உச்சந்தலைமேல் வைத்திருந்தது.